கூம்புக் கருவிழி நோய்: முழுத்தடிமன் மாற்றா, முன்னடுக்கு மாற்றா? அறுவை சிகிச்சை முறைகள் குறித்த ஒப்பீடு

புது தில்லி: பள்ளி, கல்லூரிப் பருவத்தில் தொடங்கி, மூக்குக் கண்ணாடியின் பவரை அடிக்கடி மாற்ற வைக்கும் கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோய், முற்றிய நிலையில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையைத் தவிர்க்க இயலாததாக்குகிறது. நீண்ட காலமாக நடைமுறையில் உள்ள முழுத்தடிமன் மாற்று முறை, நோயுற்ற முன் அடுக்குகளை மட்டும் அகற்றும் ஆழ் முன்னடுக்கு மாற்று முறை ஆகிய இரண்டும் இன்று மருத்துவர்களின் கையில் உள்ளன. இருபது வயதில் பொருத்தப்படும் ஒட்டு அறுபது வயது வரை நீடிக்குமா என்பதே இந்நோயாளிகளைப் பொறுத்தவரை முதன்மையான வினா. இவ்விரு முறைகளும் எவ்வாறு வேறுபடுகின்றன, யாருக்கு எது பொருந்தும், கொடைக் கருவிழிகளுக்குப் பற்றாக்குறை நிலவும் நம் நாட்டில் இத்தேர்வு ஏன் முக்கியத்துவம் பெறுகிறது என்பன குறித்த விவரங்கள் இங்குத் தொகுத்து வழங்கப்படுகின்றன.

நோயின் தன்மை

கார்னியா என்னும் உறுப்பைத் தமிழில் கருவிழி என்றே வழங்கினாலும், அது நிறமற்ற, கண்ணாடி போன்ற ஒளிபுகும் திசுவாகும். அதன் பின்னால் உள்ள ஐரிஸ் படலத்தின் நிறமே வெளியில் கருமையாகத் தெரிகிறது. கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிப்பதில் பெரும் பங்கு கருவிழியையே சாரும். இயல்பான கருவிழி சீரான வளைவுடன், மையப் பகுதியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சிய தடிமனுடன் இருக்கும்.

கெரட்டோகோனஸ் நோயில் இந்தத் திசு படிப்படியாக மெலிந்து வலுவிழக்கிறது. கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்க இயலாத மெலிந்த பகுதி முன்னோக்கிப் பிதுங்கிக் கூம்பு வடிவம் கொள்கிறது. வளைவு சீர்குலைவதால் ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் சிதறுகிறது. எழுத்துகள் நிழலோடு இரட்டையாகத் தெரிதல், இரவில் வாகன விளக்குகளைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் பரவுதல், சிலிண்டர் பவர் விரைந்து கூடுதல் ஆகியவை இதன் பொதுவான அறிகுறிகள். இந்நோயைப் பிற கருவிழிக் கோளாறுகளிலிருந்து தெளிவாக வேறுபடுத்தி 1854-ஆம் ஆண்டில் விரிவாக விவரித்தவர் பிரிட்டன் மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம்.

பெரும்பாலானோருக்குப் பருவ வயதில் தோன்றி, முப்பது அல்லது நாற்பது வயதை ஒட்டி வேகம் தணிவது இந்நோயின் இயல்பு. மரபுக் கூறுகள், ஒவ்வாமை, கண்களை அழுத்திக் கசக்கும் பழக்கம் ஆகியவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உள்ளது. வெப்பமும் தூசியும் மிகுந்த பகுதிகளில் சிறார்களிடம் பரவலாகக் காணப்படும் கண் ஒவ்வாமை, கசக்கும் பழக்கத்துக்கு வழிவகுப்பதால் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

இந்நோயின் பரவல், அளவிடும் முறையைப் பொறுத்து வேறுபடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தரவுகளைக் கொண்டு 1986-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. மகாராஷ்டிர மாநிலம் நாக்பூரை ஒட்டிய கிராமப்புறங்களில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் மேற்கொள்ளப்பட்ட மத்திய இந்தியக் கண் ஆய்வில், 2.3 சதவீதத்தினரின் கருவிழி வளைவு 48 டயாப்டருக்கும் கூடுதலாக இருந்தது கண்டறியப்பட்டது. இயல்பான கருவிழியில் இந்த அளவு 43 டயாப்டரை ஒட்டியே இருக்கும். இரு ஆய்வுகளும் வெவ்வேறு வரையறைகளைக் கையாண்டதால் அவற்றை நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. எனினும், நம் நாட்டில் இந்நோயை அரிதான ஒன்றாகக் கருத முடியாது என்பதை நாக்பூர் ஆய்வு சுட்டிக்காட்டுகிறது.

அனைவருக்கும் மாற்று அறுவை சிகிச்சை தேவையில்லை

இந்நோய் கண்டறியப்பட்டோரில் சிறு பகுதியினருக்கே மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. தொடக்க நிலையில் மூக்குக் கண்ணாடியும், அடுத்த நிலையில் ஆக்சிஜனை ஊடுருவவிடும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸும் போதுமானவை. கருவிழியைத் தொடாமல் வெண்விழியின் மீது அமரும் பெரிய அளவிலான ஸ்கிளீரல் லென்ஸ்கள், முன்பு அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட பலருக்கும் இன்று நல்ல பார்வையை அளிக்கின்றன.

நோயின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது கொலாஜன் குறுக்குப் பிணைப்பு சிகிச்சையாகும். மருத்துவமனைகளில் இது 'சி3ஆர்' என்ற பெயரில் வழங்கப்படுகிறது. வைட்டமின் பி2 வகையைச் சேர்ந்த ரைபோஃபிளேவின் சொட்டுகளைக் கருவிழியில் ஊறவைத்து, அதன் மீது புற ஊதா-ஏ கதிரைச் செலுத்துவதன் மூலம் திசு இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உருவாக்கப்படுகின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய இம்முறையின் முதல் மருத்துவ முடிவுகள் 2003-இல் வெளியாயின. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. மூல நெறிமுறையின்படி, கதிரியக்கும்போது கருவிழி குறைந்தது 400 மைக்ரான் தடிமன் கொண்டிருக்க வேண்டும். எனவே, காலம் தாழ்த்தி வருவோருக்கு இவ்வாய்ப்பு குறுகிவிடுகிறது. மேலும், இச்சிகிச்சை உள்ள நிலையைக் காக்குமேயன்றி, இழந்த வடிவத்தை முழுமையாக மீட்டுத் தராது.

லென்ஸ் அணிய இயலாத நிலை, லென்ஸ் அணிந்தும் பார்வை தெளியாமை, கூம்பின் உச்சியில் தழும்பு படிதல், மிகக் கடுமையான மெலிவு ஆகிய சூழல்களில்தான் மாற்று அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது.

ஐந்து அடுக்குகளும் இரண்டு வழிகளும்

இரு அறுவை முறைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிய, கருவிழியின் அமைப்பை அறிவது அவசியம். வெளிப்புறத்தில் எபிதீலியம், அதனடியில் போமன் அடுக்கு, நடுவே ஸ்ட்ரோமா, அதன் பின்னே டெசிமெட் சவ்வு, உட்புறத்தில் எண்டோதீலியம் என ஐந்து அடுக்குகள் மரபாகக் குறிப்பிடப்படுகின்றன. மொத்தத் தடிமனில் ஏறத்தாழ 90 சதவீதம் ஸ்ட்ரோமாவே. டெசிமெட் சவ்வுக்குச் சற்று முன்பாக, மெல்லிய ஆனால் வலுவான மற்றோர் அடுக்கு உள்ளதாகப் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஹர்மிந்தர் சிங் துவா தலைமையிலான குழு 2013-இல் அறிவித்தது.

எண்டோதீலியம் ஒற்றைச் செல் அடுக்காகும். கருவிழிக்குள் சேரும் நீரைத் தொடர்ந்து வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருப்பது இதன் பணி. மனிதரில் இச்செல்கள் இழக்கப்பட்டால் மீண்டும் பெருகுவதில்லை. எஞ்சியவை விரிந்து இடத்தை நிரப்பும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எண்ணிக்கை சரிந்தால் கருவிழி நீர்கோத்து மங்கிவிடும்.

கெரட்டோகோனஸ் நோய் முதன்மையாகப் போமன் அடுக்கையும் ஸ்ட்ரோமாவையும் தாக்குகிறது. எண்டோதீலியம் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அந்நிலையில் நலமான அடுக்கையும் சேர்த்து அகற்ற வேண்டுமா என்ற கேள்வியிலிருந்துதான் அடுக்கு மாற்று முறை வளர்ந்தது.

முழுத்தடிமன் மாற்று முறை

பெனட்ரேட்டிங் கெரட்டோபிளாஸ்டி என்றும் சுருக்கமாக 'பி.கே.' என்றும் அழைக்கப்படும் இம்முறையில், நோயாளியின் கருவிழி மையத்திலிருந்து ஏறத்தாழ 7.5 முதல் 8.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம், ஐந்து அடுக்குகளோடும் வெட்டி எடுக்கப்படுகிறது. அதே இடத்தில் கொடையாளரின் கருவிழி வட்டம் வைக்கப்பட்டு, தலைமுடியைக் காட்டிலும் மெல்லிய நைலான் இழையால் சுற்றிலும் தைக்கப்படுகிறது. பொதுவாக 16 தையல்கள் இடப்படுகின்றன.

கருவிழி மாற்று அறுவை சிகிச்சையின் வரலாறு இம்முறையிலிருந்தே தொடங்குகிறது. மனிதரிடம் வெற்றி பெற்ற முதல் கருவிழி மாற்று, இன்றைய செக் குடியரசிலுள்ள ஓலோமோட்ஸ் நகரில் 1905-ஆம் ஆண்டு டிசம்பரில் மருத்துவர் எட்வர்ட் சிர்ம் என்பவரால் செய்யப்பட்டது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரமோன் காஸ்ட்ரோவியேஹோ, 1930-களில் இதனைக் கெரட்டோகோனஸ் நோய்க்குப் பயன்படுத்தினார். கெரட்டோகோனஸ் நோயாளிகளின் கருவிழியில் இரத்த நாளங்கள் பெரும்பாலும் ஊடுருவியிருப்பதில்லை. இதனால், பிற காரணங்களுக்காகச் செய்யப்படும் மாற்றுகளை விட இந்நோயில் ஒட்டு நிலைக்கும் வாய்ப்பு கூடுதல்.

இம்முறையின் நிறைகள் தெளிவானவை. அறுவை நுட்பம் நன்கு வகுக்கப்பட்டது. ஒட்டுக்கும் நோயாளியின் திசுவுக்கும் இடையே பார்வைப் பாதையில் இணைப்புத் தளம் ஏதும் இல்லாததால் பார்வைத் தரம் சிறப்பாக அமையும். தழும்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் முழுவதும் அகற்றப்பட்டுவிடும்.

குறைகளும் உண்டு. வட்டம் வெட்டி எடுக்கப்பட்டு ஒட்டு தைக்கப்படும் வரை கண்ணின் உட்பகுதி திறந்த நிலையில் இருக்கும். அரிதெனினும், அந்த இடைவேளையில் உள்விழி இரத்தப்பெருக்கு ஏற்பட்டால் பார்வையே பறிபோகக்கூடும். அந்நியருடைய எண்டோதீலியம் பொருத்தப்படுவதால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதனைத் தாக்கும் நிராகரிப்பு ஆபத்து ஆண்டுகள் பல கடந்தும் நீடிக்கும். வெட்டுத் தழும்பு ஒருபோதும் இயல்பான வலுவைப் பெறாது. பல ஆண்டுகளுக்குப் பின்னரும் பலமான அடி பட்டால் அவ்விடம் பிளக்கும் வாய்ப்பு உள்ளது.

ஆழ் முன்னடுக்கு மாற்று முறை

டீப் ஆன்டீரியர் லாமெல்லர் கெரட்டோபிளாஸ்டி என்பதன் சுருக்கமே 'டால்க்'. இதில் நோயாளியின் எபிதீலியம், போமன் அடுக்கு, ஸ்ட்ரோமா ஆகியவை மட்டும் அகற்றப்படுகின்றன. டெசிமெட் சவ்வும் எண்டோதீலியமும் அப்படியே தக்கவைக்கப்படுகின்றன. கொடையாளரின் கருவிழியிலிருந்து பின் அடுக்குகள் உரித்து எடுக்கப்பட்டு, முன் பகுதி மட்டும் பொருத்தித் தைக்கப்படுகிறது.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த அறுவை சிகிச்சையின் கடினம், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள சவ்வைக் கிழிக்காமல் அதன் மேலுள்ள திசுவை நீக்குவதில் அடங்கியுள்ளது. நெதர்லாந்தைச் சேர்ந்த கெரிட் மெல்லஸ் 1990-களின் இறுதியில் கையால் அடுக்கடுக்காகப் பிரிக்கும் நுட்பத்தை மேம்படுத்தினார். சவுதி அரேபியாவில் பணியாற்றிய முகமது அன்வர், கிளாவ்ஸ் டைக்மன் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட 'பிக் பபிள்' எனப்படும் பெருங்குமிழி நுட்பம் இம்முறைக்குத் திருப்புமுனையாக அமைந்தது.

பெருங்குமிழி நுட்பத்தில், ஸ்ட்ரோமாவின் ஆழத்தில் நுண்ணிய ஊசியைச் செலுத்திக் காற்று பாய்ச்சப்படுகிறது. அக்காற்று குமிழியாகத் திரண்டு, ஸ்ட்ரோமாவைப் பின் அடுக்கிலிருந்து ஒரே வீச்சில் பிரித்துவிடுகிறது. துவா குறிப்பிட்ட வலுவான அடுக்குக்கு முன்பாகக் குமிழி உருவாவது முதல் வகை. அவ்வடுக்குக்கும் டெசிமெட் சவ்வுக்கும் இடையே உருவாவது இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் சவ்வு மட்டுமே எஞ்சுவதால் கிழியும் ஆபத்து மிகுதி. குமிழி உருவாகாத நிலையில் மருத்துவர் கையால் பிரிக்கும் முறைக்குத் திரும்புவார். சவ்வு பெரிதாகக் கிழிந்துவிட்டால், அதே அமர்வில் முழுத்தடிமன் மாற்றாக அறுவை சிகிச்சை மாற்றப்படும். எனவே, இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்கும்போதே அந்த மாற்றத்துக்கான ஒப்புதலும் நோயாளியிடம் பெறப்படுகிறது. எண்டோதீலியம் நல்ல நிலையில் உள்ள கொடைக் கருவிழியும் ஆயத்தமாக வைக்கப்படுகிறது.

ஒப்பீடு: ஐந்து அளவுகோல்கள்

பார்வைத் தெளிவு: பெருங்குமிழி நுட்பம் முழுமையாகக் கைகூடி, நோயாளியின் ஸ்ட்ரோமா ஏறக்குறைய எஞ்சாத நிலையில், இரு முறைகளும் ஒத்த பார்வைத் தெளிவைத் தருகின்றன. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2011-இல் வெளியிட்ட மதிப்பாய்வும் இதே முடிவை எட்டியது. ஸ்ட்ரோமாவின் ஒரு பகுதி எஞ்சிவிட்டால், இணைப்புத் தளத்தில் தோன்றும் மங்கல் காரணமாகப் பார்வை ஓரிரு வரி குறையக்கூடும். பிரிட்டனின் தேசியத் தரவுகளைக் கொண்டு 2009-இல் வெளியான ஆய்வில், 6/6 என்ற முழுப் பார்வையை எட்டும் வாய்ப்பு முழுத்தடிமன் முறையில் கூடுதலாக இருந்தது. தையலால் ஏற்படும் சிலிண்டர் பவரைப் பொறுத்தவரை, இரு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இரு பிரிவினரில் பலருக்கும் அறுவைக்குப் பின்னரும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படுகிறது.

நிராகரிப்பு: இந்த அளவுகோலில் ஆழ் முன்னடுக்கு முறை தெளிவாக முந்துகிறது. நோயாளியின் சொந்த எண்டோதீலியமே நீடிப்பதால், அவ்வடுக்கின் நிராகரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்ட்ரோமா நிராகரிப்பு ஏற்படலாம். ஆயினும் உரிய நேரத்தில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அளித்தால் அது பெரும்பாலும் கட்டுப்படும். சமவாய்ப்பு முறையில் நடத்தப்பட்ட 2 ஆய்வுகளை, மொத்தம் 111 பங்கேற்பாளர்களுடன், 2014-இல் ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு, ஆழ் முன்னடுக்கு முறையில் நிராகரிப்பு குறைவு என்றும், பார்வைத் தெளிவில் வேறுபாட்டுக்குச் சான்று இல்லை என்றும் தெரிவித்தது.

ஒட்டின் ஆயுள்: இளம் வயதினருக்கு இதுவே முக்கிய அளவுகோல். ஆஸ்திரேலியக் கருவிழி ஒட்டுப் பதிவேட்டில் இடம்பெற்ற கெரட்டோகோனஸ் நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை, 10 ஆண்டுகளில் 89 சதவீத ஒட்டுகளும் 20 ஆண்டுகளில் 49 சதவீத ஒட்டுகளும் செயல்பாட்டில் இருந்ததைக் காட்டியது. முழுத்தடிமன் முறையே கோலோச்சிய காலத்தின் ஒட்டுகள் இவை. இதன் பொருள், இருபது வயதில் ஒட்டு பெற்ற இருவரில் ஒருவருக்கு நாற்பது வயதையொட்டி மறு அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும் என்பதாகும். முழுத்தடிமன் ஒட்டில் எண்டோதீலியச் செல்கள் இயல்பை விட விரைவாகக் குறைவதே இதற்கு முதன்மைக் காரணம். ஆழ் முன்னடுக்கு முறையில் இச்செல் இழப்பு ஏறக்குறைய இயல்பான முதுமை அளவிலேயே நிற்கிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கணிப்பு, ஆழ் முன்னடுக்கு ஒட்டின் இடைநிலை ஆயுளை 49 ஆண்டுகள் என்றும், முழுத்தடிமன் ஒட்டின் ஆயுளை 17.3 ஆண்டுகள் என்றும் மதிப்பிட்டது. இது செல் இழப்பு வேகத்தை அடிப்படையாகக் கொண்ட கணிப்பேயன்றி, ஐம்பது ஆண்டுகள் கண்காணித்துப் பெற்ற முடிவு அல்ல.

இதற்கு மாறான தரவுகளும் உள்ளன. மேற்குறித்த பிரிட்டன் ஆய்வில், முதல் 3 ஆண்டுகளில் ஒட்டு செயலிழக்கும் ஆபத்து ஆழ் முன்னடுக்கு முறையில் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. செயலிழப்புகள் பெரும்பாலும் தொடக்க காலத்திலேயே நிகழ்ந்தன. மருத்துவர்கள் புதிய நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்துவந்த காலகட்டத்தின் தரவுகள் அவை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். இரு தகவல்களையும் ஒருசேர நோக்கினால், ஆழ் முன்னடுக்கு முறை நீண்ட கால நோக்கில் ஆதாயம் அளிக்கவல்லது என்பதும், அந்த ஆதாயம் அறுவை மருத்துவரின் தேர்ச்சியைப் பெரிதும் சார்ந்தது என்பதும் புலனாகும்.

அறுவையின்போதான இடர்: ஆழ் முன்னடுக்கு முறையில் கண்ணின் உட்பகுதி திறக்கப்படுவதில்லை. எனவே, உள்விழி இரத்தப்பெருக்கு, உள்விழித் தொற்று ஆகியவற்றின் ஆபத்து குறைவு. அதே வேளையில், அறுவை சிகிச்சைக்கு அதிக நேரம் பிடிக்கும். சவ்வு கிழிதல், சவ்வுக்கும் ஒட்டுக்கும் இடையே நீர் தேங்கி இரட்டை அறை உருவாதல் ஆகியவை இம்முறைக்கே உரிய சிக்கல்கள். பின்னது ஏற்பட்டால் கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்திச் சவ்வு மீண்டும் ஒட்டவைக்கப்படுகிறது.

அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு: முழுத்தடிமன் முறையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஓராண்டோ அதற்கு மேலோ தொடரப்படுவது வழக்கம். ஆழ் முன்னடுக்கு முறையில் சில மாதங்களில் அதனை நிறுத்த இயலும். நீண்ட கால ஸ்டீராய்டு பயன்பாடு கண் அழுத்தத்தையும் கண்புரையையும் தூண்டக்கூடும் என்பதால் இது குறிப்பிடத்தக்க வேறுபாடாகும். தையல்களையும் ஆழ் முன்னடுக்கு முறையில் சற்று முன்னதாகவே அகற்றலாம். அடிபட்டால் ஒட்டின் விளிம்பு பிளக்கும் ஆபத்தும் இம்முறையில் குறைவு. உடல் உழைப்பில் ஈடுபடுவோருக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இது கூடுதல் பாதுகாப்பு.

யாருக்கு எது பொருந்தும்?

எண்டோதீலியம் நலமாக உள்ள கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்கு, தேர்ச்சி பெற்ற மருத்துவர் கிடைக்கும் இடங்களில் ஆழ் முன்னடுக்கு முறையே முதல் தேர்வாகக் கருதப்படுகிறது. இளம் வயதினர், ஒவ்வாமை உள்ளோர், மனவளர்ச்சிக் குறைபாடு காரணமாகக் கண்ணைக் கசக்குவதைத் தவிர்க்க இயலாதோர், அடிக்கடி மருத்துவமனைக்கு வர வாய்ப்பற்ற தொலைதூரக் கிராமத்தினர் ஆகியோருக்கு அதன் பயன் மிகுதி.

முழுத்தடிமன் முறை இன்றியமையாததாகும் சூழல்களும் உள்ளன. டெசிமெட் சவ்வு தானாகக் கிழிந்து, கண்ணின் உள்நீர் கருவிழிக்குள் புகுந்து திடீரென வெண்மையாக வீங்கும் 'ஹைட்ராப்ஸ்' என்ற நிலை சில நோயாளிகளுக்கு ஏற்படுகிறது. இவ்வீக்கம் சில மாதங்களில் வடிந்தாலும், சவ்வில் தழும்பு நின்றுவிடுகிறது. அத்தகைய கண்களில் காற்றைப் பாய்ச்சினால் பழைய கிழிசல் மீண்டும் திறக்கும் என்பதால் பெருங்குமிழி நுட்பம் ஏற்றதல்ல. ஆழமான தழும்பு பார்வை அச்சில் சவ்வு வரை பரவியிருந்தாலும், எண்டோதீலியம் பழுதடைந்திருந்தாலும் முழுத்தடிமன் மாற்றே வழி.

டிசெக், டிமெக் என்ற பெயர்களில் இன்று பரவலாகப் பேசப்படும் தையலற்ற அல்லது குறைந்த தையல் கொண்ட மாற்று முறைகள் தங்களுக்குப் பொருந்துமா என்று நோயாளிகள் வினவுவதுண்டு. அம்முறைகள் எண்டோதீலியம் பழுதடைந்தோருக்குப் பின் அடுக்கை மட்டும் மாற்றுபவை. கூம்பு வடிவத்துக்குக் காரணமான ஸ்ட்ரோமாவை அவை தொடுவதில்லை என்பதால் கெரட்டோகோனஸ் நோய்க்கு அவை சிகிச்சையாகா. முன்னர் செய்யப்பட்ட முழுத்தடிமன் ஒட்டில் எண்டோதீலியம் மட்டும் செயலிழந்தால், அவ்வொட்டை அகற்றாமலேயே உள்ளிருந்து புதிய அடுக்கைப் பொருத்த அவை உதவுகின்றன.

இடைநிலை முறைகள்

கருவிழியின் மையத்தை அகற்றாமலேயே கொடைத் திசுவைப் பயன்படுத்தும் முறைகளும் வளர்ந்து வருகின்றன. மெல்லஸ் குழுவினர் 2014-இல் அறிவித்த போமன் அடுக்கு மாற்று முறையில், கொடையாளரின் போமன் அடுக்கு மட்டும் நோயாளியின் ஸ்ட்ரோமாவுக்குள் செருகப்படுகிறது, தையல் தேவையில்லை. கூம்பைத் தட்டையாக்கி, லென்ஸ் அணியும் தகுதியை நீட்டிப்பதே இதன் நோக்கம்.

செயற்கை வளையத் துண்டுகளுக்குப் பதிலாகக் கொடைக் கருவிழியிலிருந்து வெட்டிய வளைவான துண்டுகளை ஸ்ட்ரோமாவுக்குள் செருகும் 'கெய்ர்ஸ்' முறையைச் சென்னையைச் சேர்ந்த கண் மருத்துவர் சூசன் ஜேக்கப் உருவாக்கி, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார். பிற நாடுகளிலும் இம்முறை தற்போது கையாளப்படுகிறது. மிதமான நிலையில் உள்ளோருக்கு, மாற்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ இத்தகைய முறைகள் வாய்ப்பளிக்கின்றன.

ஃபெம்டோசெகண்ட் லேசர் என்பது தனி மாற்று முறை அல்ல. மேற்கண்ட இரு அறுவைகளிலும் கத்திக்குப் பதிலாக வெட்டுவதற்குப் பயன்படும் கருவி. கொடையாளர், நோயாளி இருவரது திசுவையும் ஒரே வடிவில் படிக்கட்டு போல வெட்டிப் பொருத்த இது துணைபுரிகிறது. செலவு கூடுதல் என்பதால் எல்லா மையங்களிலும் இவ்வசதி இல்லை.

கொடைக் கருவிழியும் அறுவை முறையும்

மாற்று முறையின் தேர்வு, கண் வங்கியின் இருப்போடும் பிணைந்தது. நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்.இ.எஸ். முத்தையாவால் தொடங்கப்பட்டது. இன்று தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ அறிவியல் மையம், ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்டவை பெரிய கண் வங்கிகளை நடத்துகின்றன. எனினும், தேவைக்கும் கிடைக்கும் கருவிழிகளுக்கும் இடையே இடைவெளி நீடிக்கிறது. தானமாகப் பெறப்படும் கருவிழிகளில் ஒரு பகுதி, எண்டோதீலியச் செல் எண்ணிக்கை போதாமையால் முழுத்தடிமன் மாற்றுக்கு ஏற்றதாக இருப்பதில்லை.

இங்குதான் ஆழ் முன்னடுக்கு முறையின் சமூகப் பயன் வெளிப்படுகிறது. கொடையாளரின் எண்டோதீலியம் இம்முறைக்குத் தேவையில்லை என்பதால், முதியோர் அளித்த, செல் எண்ணிக்கை குறைந்த, ஆனால் தெளிவான கருவிழியும் இதற்குப் பயன்படும். மறுபுறம், செல் எண்ணிக்கை நிறைந்த கருவிழியின் முன் பகுதியை ஒரு கெரட்டோகோனஸ் நோயாளிக்கும் பின் பகுதியை எண்டோதீலியம் பழுதடைந்த மற்றொருவருக்கும் பகிர்ந்தளிக்க இயலும். எய்ம்ஸ் மருத்துவர்கள் ரசிக் வாஜ்பாயி உள்ளிட்டோர் ஒரே கொடைக் கருவிழியின் பகுதிகளை மூவருக்குப் பயன்படுத்திய அனுபவத்தை 2007-இல் வெளியிட்டனர்.

இறந்தவரின் கண்களை 6 மணி நேரத்துக்குள் பெறுவது நல்லது. கண்ணாடி அணிந்தவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோரும் கண் தானம் செய்யலாம். வெறிநாய்க்கடி நோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் தொற்றுகள் உள்ளிட்டவற்றால் பாதிக்கப்பட்டோரின் கண்கள் ஏற்கப்படுவதில்லை. உயிருடன் இருக்கும்போது உறுதிமொழி அளிக்காதவரின் கண்களையும் குடும்பத்தினரின் ஒப்புதலுடன் தானமாக அளிக்க முடியும். பொதுவாகக் கொடையாளர், பெறுநர் ஆகியோரின் இரத்தப் பிரிவு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசிய கண் தான இருவார விழா கடைப்பிடிக்கப்படுகிறது.

நோயாளிகள் அறிய வேண்டியவை

எந்த முறையாயினும், அறுவை முடிந்த மறுநாளே தெளிவான பார்வை கிடைத்துவிடாது. தையல்கள் படிப்படியாக நீக்கப்பட்டு, வளைவு நிலைபெற்று, இறுதிக் கண்ணாடி அல்லது லென்ஸ் எழுதப்பட ஓராண்டு அல்லது அதற்கும் மேலான காலம் தேவைப்படலாம். இரு கண்களிலும் நோய் இருப்பினும் ஒரே நேரத்தில் இரண்டிலும் அறுவை செய்யப்படுவதில்லை.

கண் சிவத்தல், வெளிச்சத்தைக் காணக் கூசுதல், பார்வை மங்குதல், வலி ஆகிய நான்கில் ஒன்று தோன்றினாலும், அறுவை நடந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அன்றே மருத்துவரை அணுக வேண்டும். நிராகரிப்பு தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், பெரும்பாலும் சொட்டு மருந்தால் ஒட்டைக் காப்பாற்ற இயலும். தளர்ந்த தையல் கண்ணை உறுத்தினாலும் அதனைப் புறக்கணிக்கலாகாது. அது தொற்றுக்கும் நிராகரிப்புக்கும் வாயிலாகும். கண்ணைக் கசக்கும் பழக்கம் அறுவைக்குப் பின்னும் தொடர்ந்தால், புதிய ஒட்டையும் அது பாதிக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முன், தனது எண்டோதீலியச் செல் எண்ணிக்கை எவ்வளவு, ஸ்கிளீரல் லென்ஸ் முயன்று பார்க்கப்பட்டதா, ஆழ் முன்னடுக்கு முறை சாத்தியமா, சாத்தியமெனில் அது முழுத்தடிமன் மாற்றாக மாறும் வாய்ப்பு அம்மருத்துவரின் அனுபவத்தில் எவ்வளவு, மற்றொரு கண்ணில் நோய் வளர்வதைத் தடுக்கக் குறுக்குப் பிணைப்பு சிகிச்சை தேவையா ஆகிய ஐந்து கேள்விகளை நோயாளி மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது பயனளிக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் கருவிழி வரைபடப் பரிசோதனையான டோபோகிராஃபியைச் செய்துகொள்ள வேண்டும். மெலிவு 400 மைக்ரானைத் தாண்டிக் கீழிறங்குவதற்கு முன் கண்டறியப்படும் கண்களில், மாற்று அறுவை சிகிச்சைக்கான தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.